எனக்குத் தெரியும், அது தெரிகிறது

கடந்த சித்திரையில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால், நான் வேலை செய்யும் ஐரோப்பிய நகரிலிருந்து ஐந்து மாத விடுப்பெடுத்துக்கொண்டு கோண்டாவிலுக்கு வந்தேன். சத்திரசிகிச்சைக்கு முன்னர் வைத்தியர் கேட்ட பரிசோதனைகளுள் ஒன்று, எங்கள் ஊரில் எல்லோரும் ‘மூன்று மாதச் சீனி’ என்று சொல்லும் பரிசோதனை. அதன் முடிவுத்தாளை வாங்கிக்கொண்டு வந்து அம்மாவின் கட்டிலருகே இருந்து படித்தபோது, ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்த தலைப்பில் என் கண் நின்றுவிட்டது: ‘கிளைக்கோசிலேற்றட் ஈமோகுளோபின்’. அறியாமலே அதை வாய்விட்டு வாசித்துவிட்டேன். அம்மா உடனே கேட்டார்: “உதுதானே பிள்ளை நீ அங்கை ஆராய்ச்சி செய்யிறது? புரதத்திலை சீனி ஒட்டுறது எண்டு சொன்னனீ.”

“இல்லையம்மா, இது வேறை” என்று மட்டும் அன்று சொன்னேன். அந்தப் பதில் போதாது என்பது இரவு முழுவதும் உறுத்திக்கொண்டிருந்தது. கலாநிதிப் பட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள், அதன் பின்னான ஆய்வில் நான்கு ஆண்டுகள் என்று நான் செய்துவரும் வேலையை, என்னைப் படிக்கவைத்தவருக்கு அவருடைய மொழியில் சொல்லத் தெரியாமல் இருப்பது சரியன்று. அவர் படுக்கையில் இருந்த நாட்களில் சிறிது சிறிதாகச் சொல்லியவற்றையும், சொல்லும்போது எனக்கே தெளிவானவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தாளிலிருந்த பெயர். அது பழைய பெயர். அந்தச் சொல் குறிப்பது நான் ஆராயும் மாற்றத்தை; ஆகவே இன்று இதை அப்படி அழைப்பது பிழை. இரத்தத்தில் குளுக்கோசு கூடும்போது, அது ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியின் தொடக்கத்திலுள்ள வலீன் என்ற அமினோ அமிலத்தில் தானாகவே போய் ஒட்டிக்கொள்கிறது. எந்த நொதியமும் அதைச் செய்வதில்லை. செங்குழியம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால், ஒட்டியிருக்கும் அளவு கடந்த இரண்டு மூன்று மாதங்களின் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறது. சலரோகம் உள்ளவர்களின் ஈமோகுளோபினில் இந்த மாற்றம் கூடியிருப்பதை 1960களின் இறுதியில் ஈரானிய ஆய்வாளர் சாமுவேல் ரப்பார் கண்டார். இது சுவரில் பாசி படிவதைப் போன்றது: ஈரம் கூடினால் படியும், யாரும் படியவைப்பதில்லை. நான் ஆராய்வதோ தேருக்குச் சில்லுப் பூட்டுவதைப் போன்றது. எந்தப் புரதத்தில், எந்த இடத்தில், எந்தச் சர்க்கரை, எந்த வரிசையில் என்பதையெல்லாம் கலமே நொதியங்களைக் கொண்டு செய்துமுடிக்கிறது.

இரண்டுக்கும் தமிழில் வெவ்வேறு சொற்கள் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. யாழ்ப்பாணத்தில் சீனி என்றால் தேநீருக்குப் போடும் வெள்ளைச் சீனி; சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடுவது. ஒன்றைக் கேட்டால் கடைக்காரர் மற்றதைத் தரமாட்டார். அந்த வேறுபாட்டை அப்படியே எடுத்துக்கொண்டு, தானாக ஒட்டுவதைச் ‘சீனிபடிதல்’ என்றும் நொதியங்கள் பூட்டுவதைச் ‘சர்க்கரையேற்றம்’ என்றும் அம்மாவுக்குச் சொன்னேன். இனி இங்கும் அப்படியே எழுதுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள மானிப்பாயில், சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து அதற்கான சொற்களையும் ஆக்கினார். அந்த மண்ணில் வளர்ந்தும் ஒரு சொல்லை ஆக்க ஒன்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன் என்பது எனக்கு வருத்தமே.

சர்க்கரையேற்றத்தில் பல வகைகள் உண்டு. நான் வேலை செய்வது அஸ்பரஜீன் என்ற அமினோ அமிலத்தின் நைதரசனில் நிகழும் வகையில். கலத்தின் உள்ளே அகமுதலுருச் சிறுவலை என்று பாடநூல்கள் சொல்லும் மென்சவ்வுத் தொகுதியில், டொலிக்கோல் என்றொரு நீண்ட கொழுப்பு மூலக்கூறு பதிந்திருக்கிறது. அதன் தலையில் இரண்டு பொசுபேற்றுகள். அவற்றின்மேல் சர்க்கரைகள் ஒவ்வொன்றாகக் கோக்கப்படுகின்றன. முதல் ஏழும் மென்சவ்வின் வெளிப்பக்கத்தில் ஏறுகின்றன: இரண்டு என்-அசற்றைல்குளுக்கோசமீன், ஐந்து மன்னோசு. ஏழு சேர்ந்ததும் அந்தக் கிளை முழுவதும் மென்சவ்வுக்கு ஊடாக உட்பக்கத்துக்குப் புரட்டப்படுகிறது. உள்ளே இன்னும் ஏழு: நான்கு மன்னோசு, மூன்று குளுக்கோசு. ஆக 14 சர்க்கரைகள் கொண்ட ஒரு கிளை, புரதம் எதையும் தொடுவதற்கு முன்னரே, கொழுப்பின் தலையில் தயாராக நிற்கிறது.

அதன் பின்னர்தான் பெரிய வேலை. இறைபோசோம் கோத்து அனுப்பும் புரதச் சங்கிலி சிறுவலைக்குள் நுழையும்போது, ஒலிகோசக்கரைல் திரான்சுபெரேசு என்ற நொதியம் அதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. அஸ்பரஜீன், அதற்கடுத்துப் புரோலீன் தவிர்ந்த ஏதாவதொன்று, அதற்கடுத்துச் செரீன் அல்லது திரியோனீன் என்ற வரிசை வந்தால், 14 சர்க்கரைகளையும் ஒரே முறையில் தூக்கி அந்த அஸ்பரஜீனின் நைதரசனில் பூட்டிவிடுகிறது. இந்த நைதரசன் இரசாயனப்படி மிகவும் சோம்பலானது; அது தன்னுடைய இலத்திரன் சோடியைப் பக்கத்திலுள்ள காபனைல் கூட்டத்துடன் பகிர்ந்துகொண்டிருப்பதால் வேறெதனோடும் இலகுவில் சேராது. இதை நொதியம் எப்படிச் சேரவைக்கிறது என்ற கேள்விக்கு, சூரிச்சிலுள்ள காஸ்பர் லொக்கரின் குழு 2011இல் ஒரு பற்றீரியாவின் நொதியத்தை 3.4 ஆங்ஸ்ட்ரோம் பிரிதிறனில் (ஓர் ஆங்ஸ்ட்ரோம் மில்லிமீற்றரின் கோடியிலொரு பங்கு) காட்டி வழி திறந்தது. அந்தப் பற்றீரியா கம்பைலோபக்டர் இனத்தைச் சேர்ந்தது. அதன் உறவினமொன்று கோழியிறைச்சி வழியாக வயிற்றோட்டத்தைக் கொடுப்பது. நொதியத்தின் குழிக்குள் இரண்டு அமிலக் கூட்டங்கள் அந்த நைதரசனை இருபுறமும் பிடித்து அதன் பகிர்வைக் குலைக்கின்றன என்பதே அந்தக் கட்டமைப்பிலிருந்து அவர்கள் முன்வைத்த விளக்கம். எட்டு உபஅலகுகளைக் கொண்ட மதுவத்தின் நொதியத்தை 2018இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. மனிதனுடையது அடுத்த ஆண்டே வந்தது.

அம்மா இந்த இடத்தில் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. “இவ்வளவு சீனி ஒட்டினால் புரதம் இனிக்குமோ?” இனிப்பு என்பது நாவிலுள்ள ஏற்பியில் அந்த மூலக்கூறு பொருந்துகிறதா என்பதைப் பொறுத்தது, சர்க்கரை வேறொன்றில் ஒட்டிய பின் அதன் கதை வேறு. இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. பனங்களியில் சில பழங்கள் கைக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தக் கைப்புக்குக் காரணம் ஃபிளபெலிஃபெரின் என்ற சேர்வைகள். சர்க்கரைகள் பூட்டிய ஸ்டீரொயிட்டுகள் அவை. சர்க்கரையை வெட்டும் நரிஞ்சினேசு என்ற நொதியத்தைக் கொண்டு அந்தக் கைப்பை நீக்கலாம் என்பதை இலங்கை ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். சர்க்கரை ஒட்டியதால் கைக்கிறது, வெட்டினால் கைப்புப் போகிறது! அம்மா அதைக் கேட்டு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

14 சர்க்கரைகளில் நுனியிலுள்ள மூன்று குளுக்கோசும் ஏன் பூட்டப்படுகின்றன, பூட்டிய உடனேயே ஏன் வெட்டப்படுகின்றன என்பதுதான் இந்தத் துறையில் என் மனத்தை முதன்முதலில் பிடித்துக்கொண்ட விடயம். இரண்டு குளுக்கோசு வெட்டப்பட்டு ஒன்று எஞ்சியிருக்கும்போது, கல்நெக்சின் என்ற துணைப்புரதம் அந்த ஒன்றைப் பற்றிப் பிடித்துக்கொண்டு, புது மடிப்புச் சரியாக அமைவதற்கு அவகாசம் கொடுக்கிறது. கடைசிக் குளுக்கோசும் வெட்டப்பட்டதும் பிடி விடுகிறது. புரதம் சரியாக மடிந்திருந்தால் மேலே போகலாம். மடியவில்லையென்றால், வேறொரு நொதியம் அதைக் கண்டுபிடித்து ஒரு குளுக்கோசைத் திரும்பப் பூட்டி மறுபடியும் கல்நெக்சினிடம் அனுப்புகிறது. தப்பாக மடிந்ததைத் தொட்டுணர்ந்து அடையாளமிடும் அந்த நொதியத்தை ஆர்ஜென்ரீனாவின் அர்மாண்டோ பரோடி ஆராய்ந்து வெளிப்படுத்தினார். உயர்தர வகுப்பில் நாங்கள் மனப்பாடம் செய்த ‘சிறுவலை புரதங்களைக் கடத்தும்’ என்ற ஒரு வரிக்குப் பின்னால் இவ்வளவு பொறுமையான மேற்பார்வை நடக்கிறது என்பதை முதன்முறை படித்தபோது நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வெளியே நடந்துவிட்டு வந்தேன்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நொதியம் குறைந்தாலும் பிள்ளைகள் நோயோடு பிறக்கிறார்கள். பெல்ஜியத்தில் ஜாக் ஜேகன் என்ற குழந்தை வைத்தியர் 1980இல் இரட்டைச் சகோதரிகளில் இதை முதலில் விவரித்தார். இன்று அறியப்பட்ட வகைகள் நூற்றைம்பதுக்கும் மேல். அவற்றுள் ஒரு வகைக்கு மன்னோசுச் சர்க்கரையை வாயால் கொடுப்பதே சிகிச்சை. ஏனைய பெரும்பாலானவற்றுக்கு அப்படி நேரடியான வழி இல்லை.

அம்மாவின் சத்திரசிகிச்சைக்கு இரத்தம் வேண்டியிருந்தது. பெரியம்மாவின் மகன்மார் மூவரும் வந்து நின்றார்கள். ஒருவருடையது ஏ, மற்ற இருவருடையது ஓ. அந்த எழுத்துகளும் சர்க்கரையின் கதையே. செங்குழியத்தின் மேற்பரப்பிலுள்ள கிளையின் நுனியில் என்-அசற்றைல்கலக்ரோசமீன் ஒன்று கூடினால் ஏ, கலக்ரோசு கூடினால் பி, இரண்டும் இல்லையென்றால் ஓ. ஏயைப் பூட்டும் நொதியத்துக்கும் பியைப் பூட்டும் நொதியத்துக்கும் இடையே நான்கே நான்கு அமினோ அமிலங்கள்தான் வேறுபாடு. ஒரே ஒரு சர்க்கரை மாறியதை உடல் கண்டுகொள்கிறது, பிழையாக ஏற்றினால் உயிரே போகலாம். ஆனால் எங்களுடைய நுணுக்குக்காட்டியால் அந்த ஒரு சர்க்கரையைப் பெரும்பாலும் காண முடிவதில்லை. என் நான்கு ஆண்டுகளும் இந்த இடைவெளிக்குள்தான் கழிந்தன.

ஏன் காண முடிவதில்லை என்பதைச் சொல்ல முறையைச் சிறிது சொல்ல வேண்டும். நாங்கள் பயன்படுத்துவது கடுங்குளிர் இலத்திரன் நுணுக்குக்காட்டி முறை. அதை உருவாக்கியதற்காக ஜாக் டுபொஷே, யோக்கிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹென்டர்சன் ஆகியோர் 2017இல் நொபெல் பரிசு பெற்றார்கள். தூய்மையாக்கிய புரதக் கரைசலில் மூன்று மைக்ரோலீற்றரை, 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள வலைத்தட்டில் விட்டு, மிகுதியை ஒற்றுத்தாளால் ஒற்றியெடுத்து, உடனே திரவ எதேனுக்குள் அமிழ்த்துவோம். பளிங்காவதற்கு நேரமே கிடைக்காமல் நீர் கண்ணாடி போல் உறையும். அந்தக் கணத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் எப்படி நின்றதோ அப்படியே அகப்பட்டுக்கொள்ளும். இலத்திரன்களைக் கூட விட்டால் மாதிரி கெட்டுப்போகும் என்பதால் மிகக் குறைவாகவே விடுகிறோம், ஆகவே ஒவ்வொரு படமும் மங்கலானது. இலட்சக்கணக்கான மூலக்கூறுகளின் படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்குபடுத்திச் சராசரி எடுத்தால்தான் உருவம் தெளியும்.

சராசரிதான் சிக்கல். அம்மாவின் கட்டிலிலிருந்து யன்னல் வழியே பார்த்தால் மேற்கு வேலியோரம் நிற்கும் பனை தெரியும். அது ஆனி மாதம். சோளகம் ஓயாமல் வீசிக்கொண்டிருந்தது. அந்தப் பனையை ஒரே இடத்தில் நின்று மூன்று இலட்சம் தரம் படம்பிடித்து எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் என்ன தெரியும் என்று அம்மாவைக் கேட்டேன். அவர் பார்த்துக்கொண்டே சொன்னார்: மரம் தெரியும், வட்டு தெரியும், மட்டையின் அடி கருக்கோடு தெரியும், ஓலை புகை மாதிரிக் கிடக்கும். இதைவிடச் சரியாக எந்தப் பேராசிரியரும் எனக்கு விளக்கியதில்லை. புரதத்தின் உடல் பனையின் தண்டு. அஸ்பரஜீனில் நேரடியாகப் பூட்டிய முதலாவது சர்க்கரை, சில இடங்களில் இரண்டாவதும், மட்டையின் அடி. அதற்கப்பால் கிளை ஆடிக்கொண்டே இருப்பதால், மூன்று இலட்சம் மூலக்கூறுகளில் மூன்று இலட்சம் திசையில் நிற்கிறது. சராசரியில் அது வெறும் புகை.

முன்னைய காலத்தில் நிலைமை இன்னும் மோசம். புரதத்தைப் பளிங்காக்கி எக்சு-கதிரால் ஆராய்ந்தவர்களுக்கு, ஆடும் கிளைகள் பளிங்கு சேர்வதற்கே இடைஞ்சல். ஆகவே நீண்ட கிளையைக் கட்டமுடியாத கலங்களில் புரதத்தை வளர்த்து, வெட்டும் நொதியத்தை விட்டு, இடத்துக்கொரு சர்க்கரை மட்டும் எஞ்சுமாறு சீவிவிடுவார்கள். வேறு வழி இருக்கவில்லை, அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஓலை முழுவதையும் வெட்டிய பின் பிடித்த படங்களே பாடநூல்களில் பனை என்று நின்றன. ஒரு தலைமுறை மாணவர் புரதம் மொட்டையானது என்று நினைத்து வளர்ந்தோம். கொரோனா வைரசின் கூர்ப்புரதத்தில், மூன்று பிரதிகள் சேர்ந்த முழு உருவத்தில், அஸ்பரஜீனில் சர்க்கரை ஏறும் இடங்கள் 66 உள்ளன. அதன் முதல் கட்டமைப்புகள் 2020இல் வந்தபோது அடிச்சர்க்கரைகளே தெரிந்தன. 165ஆம், 234ஆம் இடங்களிலுள்ள கிளைகள் அந்தப் புரதத்தின் பற்றும் பகுதியைத் திறந்த நிலையில் முட்டுக்கொடுத்து வைத்திருக்கின்றன என்பது, கணினியில் அசைவைப் போட்டுப் பார்த்த பின்னர்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

என்னுடைய பிழையும் அந்தப் புகைக்குள் நடந்ததே.

நான் ஆராய்ந்த ஏற்பிப் புரதத்தில் ஏழு இடங்களில் கிளைகள் உண்டு. நான்காவது இடத்திலுள்ள கிளை பக்கத்து மடிப்பின்மேல் சாய்ந்திருந்ததால், மற்றவற்றைவிட அங்கே அடர்த்தி, அதாவது சராசரிப் படத்தில் மூலக்கூறு இருப்பதைக் காட்டும் நிழல், நீளமாகத் தெரிந்தது. இரண்டாம் ஆண்டின் இறுதியில், அந்த அடர்த்திக்குள் ஐந்து சர்க்கரைகளின் மாதிரியுருவை நான் கணினியில் கட்டினேன். மூலக்கூறுகளை நிறுத்துப் பார்க்கும் திணிவு நிறமாலை அளவீட்டிலிருந்து அந்த இடத்தில் ஐந்துக்குக் குறையாமல் இருப்பதை அறிந்திருந்தேன். அந்தக் கிளைதான் இரண்டு மடிப்புகளையும் பொருத்திப் பிடிக்கிறது என்று ஒரு வாதத்தை எழுதி, படமும் வரைந்து, எங்கள் துறையின் ஆண்டுக் கூட்டத்தில் காட்டியும்விட்டேன். சில வாரங்கள் கழித்து, மூத்த சக ஆய்வாளர் ஒருவர் என் கணினிக்கு அருகில் கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்து, மங்கலானவை மறையுமாறு அடர்த்தியின் வரம்பை மெல்ல மெல்ல உயர்த்திக் காட்டச் சொன்னார். மூன்றாவது சர்க்கரை தேயத் தொடங்கியது. நான்காவதும் ஐந்தாவதும் வெறும் வெளியில் நின்றன. அத்துடன் முடியவில்லை: மூன்றாவதான மன்னோசு பீற்றாப் பிணைப்பில் இருக்க வேண்டும், நான் அதைத் திசை மாறிய அல்பாப் பிணைப்பாகக் கட்டியிருந்தேன், அதன் வளையம் இயல்பான கதிரை வடிவத்தில் இல்லாமல் முறுகிக் கிடந்தது. புகைக்குள் பொருந்தவேண்டும் என்பதற்காக நான் அதை முறுக்கியிருந்தேன். அவர் கோபப்படவில்லை. “இதைக் கண்டாயா, அல்லது அறிந்திருந்தாயா?” என்று மட்டும் கேட்டார்.

அவர் கேட்டது ஆங்கிலத்தில். அன்றிரவு அந்தக் கேள்வியைத் தமிழில் எனக்குள் சொல்லிப் பார்த்தபோதுதான், நான் ஏன் அதில் விழுந்தேன் என்பது பிடிபட்டது. எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே வினைதான். எனக்குத் தெரியும் என்றால் அறிவேன்; அது தெரிகிறது என்றால் கண்ணுக்குப் படுகிறது. ‘அங்கே மன்னோசு இருப்பது தெரியும்’ என்று ஒருவர் எழுதினால் அவர் எதைச் சொல்கிறார்? நான்காம் வேற்றுமை உருபு ஒன்று முன்னால் நின்றாலொழிய வேறுபாடு வெளிப்படாது. அன்றிலிருந்து குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் வைத்திருக்கிறேன்: இடப்பக்கத்தில் ‘எனக்குத் தெரியும்’, வலப்பக்கத்தில் ‘அது தெரிகிறது’. நான்காம் இடத்துக்கு இடப்பக்கத்தில் ஐந்து சர்க்கரைகள், வலப்பக்கத்தில் இரண்டு.

மூன்று சர்க்கரைகளையும் அழித்தேன். அவற்றோடு என் வாதத்தின் காலும் போயிற்று. கூட்டத்தில் காட்டிய படத்தைத் திருத்தி, அங்கே இருந்தவர்களுக்கு எழுதினேன். பின்னர் அந்த அஸ்பரஜீனைக் குளுற்றமீனாக மாற்றி, கிளையே ஏறாத புரதத்தைச் செய்து, அதே முறையில் மறுபடியும் படமெடுத்தோம். இரண்டு மடிப்புகளுக்கும் இடையே ஆட்டம் கூடியிருந்தது. ஆகவே கிளை அங்கே தேவை என்று இப்போது சொல்லலாம். அதன் எந்தச் சர்க்கரை எதைத் தொடுகிறது என்று சொல்லமுடியாது. நான்கு மாத வேலைக்குப் பின் முன்னதைவிடச் சிறிய ஒரு கூற்றே என் கையில் எஞ்சியது. கலாநிதிப் பட்டத்துக்குப் பின்னான ஆய்வுக்காலம் விசித்திரமானது: கற்பிக்கும் கடமை இல்லை, முழு நாளும் உங்களுடையது, ஆனால் ஒப்பந்தம் முடியும் திகதி முதல் நாளிலிருந்தே தெரியும். அந்தத் திகதி நெருங்கும்போது சிறிய கூற்றோடு நிற்பது பயமாகத்தான் இருந்தது. என்றாலும் அந்தச் சிறிய கூற்றில் என் பெயரைப் போடத் தயங்கவில்லை.

இது என்னுடைய தனிப் பிழை மட்டுமல்ல என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன். புரதக் கட்டமைப்புகளின் உலகப் பொதுத் தரவகத்தில் சர்க்கரை கொண்ட பதிவுகளை 2004இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கில் பிழைகள் இருந்தன. புரதச் சங்கிலிக்கு இந்த நிலை இல்லை. அதற்குக் காரணம் சென்னை: எந்தக் கோணங்களில் சங்கிலி முறுகலாம், எவற்றில் முடியாது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் துணையாளர்களும் 1963இல் ஒரு வரைபடமாகக் கொடுத்துவிட்டார்கள். இன்று உலகில் எவரும் புரதக் கட்டமைப்பை வெளியிடுமுன் அந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். சர்க்கரைகளுக்கு அப்படி எல்லோரும் பயன்படுத்தும் பரிசோதனை பரவுவதற்கு நெடுங்காலம் எடுத்தது. வளையத்தின் வடிவையும் பிணைப்பையும் சரிபார்க்கும் ‘பிரைவற்றீர்’ என்ற மென்பொருளை யோர்க் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்டார்கள். தரவகம் தன் பழைய சர்க்கரைப் பதிவுகளை ஒழுங்குசெய்தது 2020இல். நான் அந்த மென்பொருளை முதலிலேயே ஓட்டியிருந்தால் முறுகிய மன்னோசு அன்றே சிவப்பில் தெரிந்திருக்கும்.

புரதக் கட்டமைப்பை இனிக் கணினியே ஊகித்துவிடுமே, உங்களுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். 2021இல் வெளிவந்த அல்பாஃபோல்ட் ஊகங்கள் மொட்டையான புரதத்தையே காட்டின. புதிய பதிப்பு சர்க்கரையையும் ஏற்கிறது. ஆனால் அது கற்றுக்கொண்டது நான் மேலே சொன்ன தரவகத்திலிருந்துதான் என்பதை மறக்கக்கூடாது.

இதெல்லாம் எங்கள் ஊருக்கு எதற்கு என்ற கேள்விக்கு ஒரு பதில் நுளம்பு. முந்திய மார்கழியில், மழை விட்ட கையோடு, பக்கத்து வீட்டு மாமியின் பேரனுக்கு டெங்கு. ‘என்எஸ்1 பொசிற்றிவ்’ என்று தாள் வந்தது என அம்மா தொலைபேசியில் சொன்னார். அந்த என்எஸ்1 என்பது வைரசு எங்கள் கலத்தைக் கொண்டு செய்விக்கும் ஒரு புரதம்; அதன் 130ஆம், 207ஆம் இடங்களிலுள்ள அஸ்பரஜீன்களில், எங்கள் கலத்தின் நொதியமே எங்கள் சர்க்கரையை ஏற்றிக் கொடுக்கிறது. அது மட்டுமன்று. 2016இல், மனிதக் கலத்தின் மரபணுக்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து டெங்கு வைரசுக்கு எவை தேவை என்று தேடியபோது, முன்வரிசையில் வந்து நின்றது மேலே சொன்ன ஒலிகோசக்கரைல் திரான்சுபெரேசு நொதியத் தொகுதி. வைரசுக்குள் இருப்பதைத் தாக்கினால் வைரசு மாறித் தப்பும்; அது கடன்வாங்கும் எங்கள் பொருளைச் சிறிது நேரம் மறிக்கமுடியுமா என்பது இன்று தீவிரமாக ஆராயப்படும் கேள்வி. அந்தப் பொருள் எங்களுக்கும் இன்றியமையாதது என்பதால் இது எளிய கேள்வியன்று. சிறுவன் ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டான். இப்போது வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து எனக்குக் கைகாட்டுகிறான்.

ஆடி மாதம் அம்மா பிடித்து நடக்கத் தொடங்கிய பின், உயர்தர உயிரியல் கற்பிக்கும் என் பழைய வகுப்புத்தோழி தன் மாணவருக்கு ஏதாவது சொல்லச் சொன்னாள். படங்களைப் போட்டு இருட்டறையில் பேச எனக்கு விருப்பமில்லை. எங்கள் வளவில் பலாப்பழம் விழுந்துகொண்டிருந்தது. பலாக்கொட்டையில் ஜக்கலின் என்றொரு புரதம் உண்டு. அது கலக்ரோசு கொண்ட சர்க்கரைக் கிளைகளைப் பிடித்துக்கொள்ளும் லெக்ரின் வகையைச் சேர்ந்தது. அதன் கட்டமைப்பைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயனின் குழு 1996இல் வெளியிட்டது. உலகெங்கும் ஆய்வுகூடங்கள் காசு கொடுத்து வாங்கும் பொருள், எங்களிடம் குப்பைமேட்டில் கிடக்கிறது.

கொட்டைகளைத் தோலுரித்து அரைத்து, உப்புக்கரைசலில் ஊறவைத்து, துணியில் வடித்து, இரவு முழுவதும் குளிர்சாதனப்பெட்டியில் அடையவிட்டோம். தாதியான மச்சாள் என் கையிலிருந்து சிறிது இரத்தம் எடுத்துத் தந்தாள். செங்குழியங்களை மூன்று முறை உப்புக்கரைசலில் கழுவினோம். வெள்ளை ஓட்டில் ஒரு துளி செங்குழியம், ஒரு துளி பலாக்கொட்டைச் சாறு. சில நிமிடங்களில், சீராக இருந்த சிவப்பு மணல்மணலாகத் திரண்டது. பிள்ளைகள் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது துளியில், பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலிருந்து கேட்டு வாங்கிய கலக்ரோசை முன்கூட்டியே கலந்திருந்தோம். லெக்ரினின் பிடியைக் கலக்ரோசு நிரப்பிவிட்டால் செங்குழியம் திரளாது என்பதை அவர்களே சொல்லட்டும் என்று நான் வாய்திறக்கவில்லை.

அவதானத்தாளில் பெரும்பாலானோர் ‘கலக்ரோசு சேர்த்தபோது திரளவில்லை’ என்று எழுதியிருந்தார்கள். அதுதான் எதிர்பார்க்கும் விடை. பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் ‘திரள்வது குறைந்தது, நிற்கவில்லை’ என்று எழுதியிருந்தாள். ஓட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவள் எழுதியது சரி. விளிம்பில் சிறு மணல்கள் இருந்தன. பலாக்கொட்டையில் இன்னொரு லெக்ரினும் உண்டு, அது மன்னோசை விரும்புவது; நாங்கள் வடித்த சாற்றில் இரண்டும் கலந்திருக்கும் என்று அவளுக்கு விளக்கினேன். “அப்ப ரண்டு சீனியையும் சேர்த்தா நிக்குமோ மிஸ்?” என்று கேட்டாள். நிற்கும் என்று நினைக்கிறேன், பார்க்கவில்லை என்றேன். மன்னோசு எங்கள் கையில் இருக்கவில்லை. தோழி மிகுதிக் கொட்டைகளை உலர்த்தி அரைத்துப் போத்தலில் அடைத்து வைத்திருக்கிறாள். அடுத்த முறை வரும்போது மன்னோசு கொண்டுவருவதாக அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்.